என் கால்களில் அவள் குளித்தாள்

நான் பெற்ற பிள்ளை அழுதபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுகிறது என்று நினைத்தேன். அதுதான் முதல் அறிகுறி. யாரும் அதை நோயாக எண்ணவில்லை, நானும்தான்.

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பகுதியில், ரயில் பாதையை ஒட்டியது எங்கள் வீடு. மஞ்சள் பூசி, பத்தியச் சோறு போட்டு என்னை ராணி மாதிரி வைத்திருந்தார்கள். ராணிக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. எங்கள் வீடுகளில் பச்சைப் பிள்ளையைக் கைப்பழக்கம் உள்ள ஒருத்திதான் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். பெற்றவள் ஈரத்தில் கை வைக்கக் கூடாது. நாத்தனார் மீனா அக்கா அதை ஏற்றுக்கொண்டார்.

"நீ படு தங்கச்சி. ஒடம்பு தேறட்டும்" என்பார். பால் குடிக்க மட்டும் என் மகள் என்னிடம் வருவாள்.

அக்கா பூசும் தனக்கா (சந்தனம்போல் இழைக்கும் மரப்பட்டை) வாசனைக்கு அவள் அழுகை நின்றுவிடும். என் கையில் நிற்காது. அவளுக்கு அம்மா கிடைத்துவிட்டாள், இனி நான் இல்லாவிட்டாலும் வளர்ந்துவிடுவாள் என்று நம்பத் தொடங்கினேன்.

ஒருநாள் கணவரிடம் அதைச் சொல்லிவிட்டேன். மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு (பிள்ளை பெற்றபின் வரும் மனநோய், சோம்பலும் அல்ல, பேயும் அல்ல) என்றார் பர்மிய மருத்துவர். மாத்திரை எழுதினார், அதோடு பாலும் கொடுக்கலாம் என்றார். வாராவாரம் பேச வரச் சொன்னார். நாங்கள் பர்மிய மொழியில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"சயாமா (மருத்துவரம்மா), எனக்கு அவ மேல பாசமே வரல."

"அது நோய் பேசுற பேச்சு. பாசம் வந்தப்புறம் தூக்கலாம்னு இருக்காதீங்க. பிள்ளைய யார் குளிப்பாட்டுறது?"

"நாத்தனார்."

"இனி நீங்க குளிப்பாட்டுங்க."

முதலில் தூக்கம் திரும்பியது, பிறகு சோற்றின் ருசி. குளிப்பாட்டுவது அத்தனை எளிதாக வரவில்லை. அக்காவின் முகம் வாடியது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "தலைய இப்படிப் புடி. பயப்படாத, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக் கொடுத்தார். மகள் வீறிட்டாள். எனக்குச் சோப்பில் அவள் வழுக்கிவிடுவாளே என்ற பயத்தைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. உங்களுக்கும் அப்படி இருக்கலாம். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

பல வாரங்கள் கழித்து ஒரு காலை, தலை துவட்டும்போது அழுதவளை அக்கா வாரிக்கொண்டார். அழுகை நிற்கவில்லை. தனக்கா பூசிய கன்னத்திலிருந்து தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். வாங்கிக்கொண்டேன். நின்றது.

"போச்சு, என்னைய மறந்துட்டா" என்று அக்கா சிரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

மாத்திரையை மருத்துவர் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். மகளின் முதல் மாதங்கள் என் நினைவில் இல்லை; போட்டோக்களில்தான் பார்க்கிறேன். இப்போது அவள் நின்றபடியே குளிக்கிறாள். ஆனாலும் எங்காவது காலை நீட்டி உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே அந்த ஈரச் சுமை தெரிகிறது. அவள் அழுகை கேட்டால், நான் நினைப்பதற்கு முன்பே என் கால்கள் எழுந்துவிடுகின்றன.