அக்கா படிக்கப் போன இரண்டு வருடங்கள்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து பழகியது தினத்தாளைப் பார்த்து. பேச்சு பழகியது என் தையல் கடைக்கு வருகிறவர்களைக் கேட்டு. ஆகவே பேசுவது போலத்தான் எனக்கு எழுத வரும்.

அக்கா பிறந்தது திருவேற்காட்டில். அப்பாவுக்கு அப்போது கொஞ்சம் நிலம் இருந்தது. பிறகு அது மனைகளாகிப் போனது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி, அங்கேயும் முதலாவதாக வந்தவர் அக்கா. அவர் போட்டுக் கழித்த சீருடை எனக்கு வரும், மதிப்பெண் வராது. "அவ துணி உனக்கு கரெக்டா கீது, அவ மூளை மட்டும் ஏன்டி லூசா கீது?" என்று அம்மா கேட்பார். அக்கம்பக்கம் சிரிக்கும். அக்காவைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது அந்த வயதில்தான். இது அக்காவுக்கும் தெரியும் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பொறியியல் படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து, திருமணமாகி, மகள் யாழினிக்கு மூன்று வயது ஆனபோது, ஜெர்மனியில் மேல்படிப்புக்கு உதவித்தொகையோடு அக்காவுக்கு இடம் கிடைத்தது. மாமாவுக்கு ஷிப்டு வேலை. மேனாம்பேட்டில் ஒரே வீட்டில் அவர்கள் மாடியில் இருந்தார்கள், நானும் என் கணவரும் கீழே. எங்களுக்குக் குழந்தை இல்லை. "ரெண்டு வருஷம் பாத்துக்கறியாடி?" என்று அக்கா கேட்டு முடிப்பதற்குள் யாழினியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

பனியில் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, பல நாட்டு மாணவர்களோடு நூலகப் படியில் உட்கார்ந்து அக்கா சிரிக்கும் படங்கள் வந்தன. கடையில் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்தபடி அவற்றைப் பார்ப்பேன். அந்தப் படியில் ஒருநாள் உட்காரக் கிடைத்தால் போதும் என்றிருக்கும்.

ஞாயிறுதோறும் யாழினியை மண்ணூர்பேட்டை பிரௌசிங் சென்டருக்குத் தூக்கிப் போவேன். திரையில் அக்கா தெரிவார். முதலில் "அம்மா" என்று திரையைத் தொட்டவள், சில மாதங்களில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "டிவி ஆன்ட்டிக்கு டாட்டா சொல்லிட்டேன், ஊட்டுக்குப் போலாமா?" என்றாள். அக்கா சிரித்தார். பிறகு, "நெட்டு கட்டாவுது, வெச்சிடறேன்" என்றார். அவர் முகம் தெளிவாகத்தான் தெரிந்தது.

அங்கே பகலில் வகுப்பு, மாலையில் ஒரு பேக்கரியில் தட்டு கழுவும் வேலை, அறைக்கு வந்தால் சோறும் உருளைக்கிழங்கும். குளிர்காலத்தில் மதியம் முடியும்போதே இருட்டிவிடுமாம். இதையெல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகே சொன்னார். "நீங்கள்லாம் சிரிக்கறது போன்ல கேக்கும். வெச்சப்புறம் ரூம்ல ஒரு சத்தமும் இருக்காது. உன்ன நெனச்சா வயிறு எரியும்டி." நான் அவருடைய கோட்டைப் பார்த்து எரிந்திருக்கிறேன், அவர் என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்து எரிந்திருக்கிறார்.

அங்கேயே நல்ல வேலை கிடைத்தும், மகளுக்காக விட்டுவிட்டுப் பட்டத்தோடு வந்தார். மகள் அவரிடம் போகவில்லை. அக்கா சோறு பிசைந்து தட்டோடு நிற்பார். இவள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "சித்தி ஊட்டினாத்தான்" என்பாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். ஒருநாள் அந்தச் சோற்றை அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து தாமே சாப்பிட்டார், அழுதுகொண்டே.

மறுநாள் காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஆவடியில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"இன்னா, என் தம்பியோட சண்டையா?" என்றார் நாத்தனார்.

"இல்லண்ணி, எங்கக்காவோட. அவ ஜெயிக்கட்டும்னு வந்துட்டேன்."

கொஞ்ச நாள் கழித்துத் திரும்பியபோது யாழினி அக்கா மடியில் இருந்தாள். "வா சித்தி" என்றாள், வாய் நிறையத் தயிர்சோற்றோடு. எழுந்து வரவில்லை. நான் பையைக் கீழே வைக்காமல் நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடி, எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும். ரெண்டு வருஷம் எனக்கு எரிஞ்சுது."

இருவரும் சிரித்துவிட்டோம். ஒன்றும் புரியாமல் அவளும் சிரித்தாள்.

பிறகு அக்கா பெரிய பதவிக்குப் போனார். அம்பத்தூர், பூந்தமல்லிப் பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிக் கேட்க மாடியேறி வந்தால், டீ கொடுத்து, எந்த மாதிரிக் கோட்டு வாங்க வேண்டும் என்பதுவரை சொல்வார். அனுப்பும்போது, "ஊட்டுக்கு போன் பண்றப்ப நல்லா கீறேன்னு மட்டும் சொல்லிகினு இருக்காத. அழுவ வந்தா அழு" என்பார்.

சென்ற ஆண்டு நோய் அக்காவைப் படுக்கையில் தள்ளியது. யாழினிக்கும் ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்த நேரம். போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அக்கா திட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசி நாட்களில் மகள் கொடுத்தால் மட்டும் கஞ்சி குடித்தார். நான் ஸ்பூனை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார்.

"என் கை இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

"நீ அவளுக்கு ரெண்டு வருஷம் ஊட்டின. இப்ப எனக்கு அவ ஊட்டறா. நீ தள்ளிக் குந்து."

தள்ளித்தான் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தபடியே ஒவ்வொரு வாயாக வாங்கினார். அந்த வாரமே எங்களை விட்டுப் பிரிந்தார்.

நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஆட்டோ ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், மாமாவைத் தனியே விடாத நண்பர்களுக்கும், அக்காவிடம் யோசனை கேட்டுப் போய் எந்தெந்த நாட்டிலிருந்தோ அழுது பேசிய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

யாழினி இந்த மாதம்தான் ஜெர்மனிக்குப் படிக்கப் புறப்படுகிறாள். விமான நிலைய வாசலில் அவள் கட்டிக்கொண்டு அழப்போவது என்னைத்தான். அக்கா இருந்திருந்தால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றிருப்பார். என்னைப் பார்த்து வயிறெரிய இனி எனக்கு யாரும் இல்லை.

தங்கை
மேனாம்பேடு