சத்தமில்லாமல் விழுவது

இடப்பள்ளியில் மகள் ஸ்கூட்டரோடு சரிந்து விழுந்தாள். அவள் முழங்கை இனி மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் சுக்குக் காப்பியின் வாசனை வந்ததும், மட்டாஞ்சேரியில் சிறுமியாக நான் ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலை பழகிய சுக்குக் கிடங்கு நினைவில் வந்து நின்றது.

துறைமுக அலுவலகத்து அண்ணன்கள் சிலர் தொடங்கிய கிளப் அது. சாயங்காலம் மூட்டைகள் போனதும், சாக்குகளில் தேங்காய் நார் அடைத்துத் தைத்த மெத்தைகளை விரித்து, ஒருவர் உருண்டு விழ, மற்றவர்கள் சுவரைப் பார்த்து நின்று, விழுந்த சத்தத்தை மட்டும் கேட்டுத் தேறினாரா இல்லையா என்று சொல்வோம். சத்தமில்லாமல் விழத் தெரியும்வரை எதிராளியைத் தள்ளும் வித்தை எதுவும் கிடையாது.

"எடீ, சக்கைப்பழம் மரத்துலேந்து தொப்புன்னு விழுந்த மாதிரியில்லியா இருக்கு! இன்னொருக்கா விழு," என்பாள் தோழி லைலா, திரும்பாமலே.

கூட்டம் பெருகிக் கிளப் பள்ளிக்கூட ஹாலுக்கு மாறியது. அண்ணன்கள் ஒவ்வொருவராகக் கல்ஃபுக்குப் போக, அங்கேயும் நின்றுபோனது. கிடங்கு இப்போது தங்கும் விடுதி.

இடப்பள்ளியில் அன்று ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் நான் இருந்தேன். மகள் கையூன்றி விழுந்தாள். என் உடம்பு, என்னைக் கேட்காமலே, உருண்டு எழுந்து நின்றுவிட்டது.

"அம்மாக்கு ஒண்ணும் ஆகல்லியே?" என்று தரையில் கிடந்தபடி அவள் கேட்டாள்.

ஒரு கீறல்கூட இல்லை. கீறலில்லாத கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்தேன்.