கஞ்சி போட்ட மஃப்ளர்

எங்கள் வீட்டில் ஆறு விசைத்தறிகள் ஓடின. யாரோடாவது பேச வேண்டும் என்றால் கத்த வேண்டும், இல்லையென்றால் வாசலுக்கு வர வேண்டும். அதனால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. ஆந்திர எல்லையோரத்து நகரியில் எங்கள் தெருவில் பிறந்த எவருக்கும் துணி ஒரு அதிசயமே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு ஊசியை வைத்து ஒரு மஃப்ளர் பின்னப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது நைனா, அதாவது என் அப்பா, தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கரண்ட் போனாலொழிய தறியை நிறுத்தாத மனிதர் அவர்.

மஃப்ளர் அத்தைக்கு. அத்தை என்றால் நைனாவின் ஒரே தங்கை. சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவிலிருந்து பையன்கள் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கம்ப்யூட்டர் படிப்பு சொல்லித்தரும் பலகைகள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி முளைத்திருந்தன. ஆனால் விமானம் ஏறப் போகிற முதல் ஆள் எங்கள் அத்தைதான். அயர்லாந்தில் வேலை. அந்தப் பெயர் யார் வாயிலும் நிற்காததால் தெரு மொத்தமும் அதை லண்டன் என்றே வைத்துக்கொண்டது. அங்கே தண்ணீர்கூட உறைந்துபோகும் என்று கேள்விப்பட்ட அன்றே நான் முடிவு செய்துவிட்டேன், அத்தையின் கழுத்தில் என் கையால் பின்னியதுதான் இருக்க வேண்டும் என்று. எனக்குப் பத்து வயது. கர்வம் மட்டும் முப்பது வயதுக்கானது.

குரோஷா ஊசி பிடிக்கும் வித்தை பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. திருப்பதியிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜரின் மகள் என் பக்கத்தில் உட்காருவாள். அவளுக்குக் கணக்கு வராது, எனக்குப் பின்னல் வராது. வீட்டுக் கணக்கை நான் போட்டுக்கொடுத்தேன், அவள் சங்கிலி போடவும் அதன்மேல் வரிசை வரிசையாகக் கண்ணி ஏற்றவும் காட்டிக்கொடுத்தாள். உல்லன் நூல் நகரியில் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்று புளுகி, சித்தூரிலிருந்து அத்தையையே வாங்கி வரச் சொன்னேன். தனக்கான பரிசுக்குத் தானே நூல் சுமந்து வந்தாள், பாவம். மாம்பழ மஞ்சளில் நான்கு உருண்டை.

நைனாவுக்கு அந்தப் பின்னல் பொறுக்கவே இல்லை. அவர் கணக்கில் துணி என்றால் நெடுக ஓடுகிற பாவு இருக்க வேண்டும், குறுக்கே பாய்கிற ஊடை இருக்க வேண்டும். ஒற்றை நூல் தன்னையே சுற்றிக்கொண்டு துணி என்று சொல்லிக்கொள்வது அவருக்கு ஏமாற்று வேலையாகப் பட்டது.

"இன்னாம்மா இது? பாவும் இல்ல, ஊடையும் இல்ல. இத்த இழுத்தா மொத்தமும் பூடும்" என்று சொல்லி, நுனியைப் பிடித்து லேசாக இழுத்தும் காட்டினார். சரசரவென்று நான்கு வரிசை போய்விட்டது. நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுத் தறியும் நின்றது. அன்றிலிருந்து அவர் கிட்டே வந்தாலே மஃப்ளரைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்வேன்.

ஒரு மாதத்தில் நான்கு முழம் முடித்தேன். கோணல் இருந்தது, நடுவில் அகலம் கூடி ஓரத்தில் குறைந்திருந்தது, ஆனால் மஃப்ளர்தான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தெருவில் கஞ்சி போடாத நூலுக்கு மரியாதை கிடையாது. பாவுக்குக் கஞ்சி, புடவைக்குக் கஞ்சி, கட்டுகிற லுங்கிக்கும் கஞ்சி. விறைப்பாக நின்றால்தான் அது புதுத் துணி. என் மஃப்ளரோ கையில் எடுத்தால் வாழைநாரைப் போலத் தொங்கியது. இதற்கும் கஞ்சி போட்டுவிட்டால் நைனா வாயே திறக்க மாட்டார் என்று நினைத்தேன். அம்மா வடித்து வைத்திருந்த கெட்டிக் கஞ்சியில் நன்றாக முக்கி, இரண்டு கையாலும் பிசைந்து, மொட்டை மாடி வெயிலில் விரித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அது மஃப்ளர் இல்லை, பலகை. தட்டினால் சத்தம் வந்தது. சுவரில் சாய்த்து வைத்தால் நின்றது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த அத்தை அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கா பாப்பா?" என்று கேட்டாள். அவள் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நைனாவுக்கு மட்டும் அடக்கத் தெரியவில்லை. "கொண்டும் போ. அங்க கிரிக்கெட் ஆடலாம்" என்றார்.

எனக்கு உண்மையான எதிரி நைனாவின் கேலி அல்ல, தராசு. விமானத்தில் இருபது கிலோதான் விடுவார்களாம். நூல் வியாபாரியிடமிருந்து ஒரு கொக்கித் தராசை இரவல் வாங்கி வந்து உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார் நைனா. அத்தையோடு போக விரும்பும் ஒவ்வொரு பொருளும் அதில் ஏறி இறங்க வேண்டும். ஆவக்காய் ஊறுகாய் இரண்டு கிலோ, கந்திப்பொடி என்கிற பருப்புப்பொடி ஒன்றரை, குட்டி குக்கர், எங்கள் தறியிலேயே ஓட்டிய ஆறு புடவைகள். அம்மா ஒன்றை வைப்பாள், நைனா ஒன்றை எடுப்பார். என் மஃப்ளர் வந்தபோது முள் இருபதைத் தாண்டி நின்றது.

"அந்த ஊர்ல துணி கெடைக்காதா இன்னா? ஊறுகா கெடைக்குமா சொல்லு" என்று அதை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஊறுகாயிடம் தோற்றால் யாருக்குத்தான் ரோஷம் வராது? எடை கஞ்சியால்தான், அதை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அம்மா கோவிலுக்குப் போன நேரம் பார்த்து வெந்நீர் வைத்து, மஃப்ளரை ஊறவைத்து, லுங்கி துவைப்பதுபோலக் கல்லில் அடித்தே துவைத்தேன். கஞ்சி போனது. ஆனால் உல்லன் நூல் சுருண்டு முறுக்கிக்கொண்டது. அதற்கும் என்னிடம் வைத்தியம் இருந்தது. தறியில் பாவு தளராமல் இருக்க எடை தொங்கவிடுவார்கள். நானும் மஃப்ளரின் ஒரு முனையை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி, மறுமுனையில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். நெசவுக்காரன் மகளைத் தவிர வேறு யாருக்கும் இந்த அறிவு வராது.

மறுநாள் அவிழ்த்து அளந்தேன். ஆறரை முழம். அகலம் பாதியாகியிருந்தது. அதற்குள் பெட்டியைப் பூட்டி, பூட்டின்மேல் கயிறும் கட்டிவிட்டார் நைனா. இன்னும் மூன்று நாளில் விமானம். அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தை என்னை மறந்துவிடுவாள் என்று தோன்றியது. பெட்டியில் என்னுடையது ஒன்றுமே இல்லாமல் போகிறவள் எதை வைத்து என்னை நினைத்துக்கொள்வாள்?

போவதற்கு முன் திருமலைக்குப் போக வேண்டியிருந்தது. அத்தை இரண்டு தடவை இன்டர்வியூவில் தோற்றவள். மூன்றாவது தடவை போனபோது, விசா வந்தால் அவள் முடியைக் காணிக்கை தருவதாக நைனா வேண்டிக்கொண்டிருந்தார். அவளைக் கேட்கவில்லை. அத்தைக்கு முழங்கால் தொடும் பின்னல். விஷயம் தெரிந்த அன்று அவள் போட்ட சண்டையில் தறிச் சத்தமே கேட்கவில்லை.

"வேண்டிக்கினது நீ. முடி என்னுதா?"

"சாமிகிட்ட சொல்லிட்டேன்மா. இப்ப போய் மாத்தி சொல்ல முடியுமா?"

"அப்ப நீயும் ஒக்காரு. ரெண்டு பேரும் தலைய மழிச்சி குண்டு போட்டுக்கலாம்."

மார்கழிக் காலையில் திருமலையில் முடி இறக்கும் கல்யாணக்கட்டையிலிருந்து இரண்டு மொட்டைத் தலைகள் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தன. நைனா மொட்டை எனக்குப் பழக்கம்தான், ஒவ்வொரு வருஷமும் பார்ப்பதுதான். அத்தையை மட்டும் அடையாளமே தெரியவில்லை. முகம் சின்னதாகி, காது பெரிதாகி, எட்டாவது படிக்கிற பையனைப் போல நின்றாள். மலைக்காற்று வீசியதும் அவளுடைய தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிக்கொண்டன. பற்கள் அடித்துக்கொண்டன. புடவைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள், அது எங்கள் வீட்டுப் பருத்தி, காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. பக்கத்தில் குல்லா விற்கிறவன் "அம்மா, மங்கி கேப் தீஸ்கோண்டி" என்று வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கூடவே நடந்து வந்தான். நைனா தனக்கு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். அத்தை அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, கழுத்தை அரிக்கிறது என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

என் துணிப்பையில் மஃப்ளர் இருந்தது. யாரிடமும் சொல்லாமல்தான் கொண்டு வந்திருந்தேன். எடுத்தால் மறுபடி சிரிப்பார்களோ என்று பயம். ஆனால் அத்தையின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்ததும் பயமெல்லாம் போய், பையைக் கவிழ்த்து மஃப்ளரை அவள் கையில் திணித்தேன்.

அத்தை அதை உதறி விரித்தாள். தலையில் ஒரு சுற்று சுற்றினாள். இன்னும் இருந்தது. காதை மூடி இன்னொரு சுற்று. இன்னும் இருந்தது. கழுத்தில் ஒரு சுற்று சுற்றி நுனியை மார்புக்குள் செருகியபோது சரியாக முடிந்தது. ஒரு விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை. நான்கு முழமாகவே இருந்திருந்தால் தலையோடு முடிந்திருக்கும், கழுத்துக்கு எட்டியிருக்காது. அகலமாக இருந்திருந்தால் சுற்றவே வந்திருக்காது. அடித்துத் துவைத்ததில் அது பஞ்சுபோல மெத்தென்று ஆகியிருந்தது. மஞ்சள் மஃப்ளருக்குள்ளிருந்து அத்தையின் முகம் வெளியே எட்டிப் பார்த்தது, அவ்வளவு அழகு.

"ஐயோ, வெதவெதன்னு கீது பாப்பா" என்றாள். பிறகு நைனாவைப் பார்த்து, "ணா, நான் இத்த கட்டிக்கினுதான் ஏரோப்ளேன் ஏறுவேன். தலைல கட்டிக்கினா எவன் தராசுல வெப்பான்?" என்று கேட்டாள்.

நைனா மங்கி கேப்புக்குள் ஒரு நிமிஷம் யோசித்தார். ஒரு வாரமாகக் கால் கிலோ, அரைக் கிலோ என்று உயிரை விட்ட மனிதருக்கு, உடம்பில் போட்டுக்கொள்வதற்கு எடை கிடையாது என்பது அதுவரை உறைக்கவில்லை. கிட்டே வந்து மஃப்ளரின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். தறியில் துணியைத் தடவிப் பார்ப்பாரே, அதே விரல்.

"பாவு இல்லாமயே நிக்குதே" என்றார். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னை எதற்கெதற்கோ பாராட்டியிருக்கிறார்கள். அந்த மூன்று வார்த்தைக்குப் பக்கத்தில் எதுவும் வராது. மலையிறங்கும் பஸ்ஸில் நான் ஜன்னலோர இருக்கையில் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். வாசலில் நின்ற போலீஸ்காரர் அத்தையின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். போட்டோவில் தோள்வழியாக முன்னால் விழுந்த பின்னலோடு ஒரு பெண். எதிரே மஞ்சள் மஃப்ளர் சுற்றிய தலை. நைனாவுக்கு வேர்த்துவிட்டது. முடியைக் காணிக்கை கொடுக்க வேண்டிக்கொண்டவருக்கு, போட்டோவில் முடி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போலீஸ்காரர் மஃப்ளரைக் காட்டி அவிழ்க்கச் சொன்னார். அத்தை ஒரு சுற்று அவிழ்த்து லேசாக விலக்கினாள். அவர் சிரித்துவிட்டார்.

"திருப்பதியா? போம்மா, நல்லா கட்டிக்கோ. அங்கே குளிரும்" என்று வழிவிட்டார்.

அம்மா என் முதுகில் தட்டினாள். எங்களை உள்ளே விடவில்லை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம். அந்தப் பக்கம் பெட்டியைத் தராசில் வைத்தார்கள். அத்தை திரும்பி எங்களைப் பார்த்து, இரண்டு கை விரல்களையும் விரித்து மூடி, மறுபடி விரித்துக் காட்டினாள். சரியாக இருபது. நைனா கையைத் தட்டினார். நான் குதித்தேன். பெட்டிக்குள் இருந்த ஊறுகாயைவிட, தலைமேல் இருந்த என் மஃப்ளர் ஒரு பிடி உயரத்தில் பயணம் போகிறது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

போவதற்கு முன் அத்தை கண்ணாடியருகில் ஒரு முறை வந்தாள். கையை ஆட்டினாள். பிறகு கழுத்திலிருந்த மஃப்ளரை மேலே இழுத்தாள், மூக்குவரைக்கும், அப்புறம் கண்வரைக்கும். இரண்டு கைகளாலும் அதை முகத்தோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் உடம்பு நடுங்கியது.

"நைனா, பாத்தியா, உள்ள ஏசி! எப்டி நடுங்குது பாரு அத்த. நான் மட்டும் பின்னலன்னா இன்னா பண்ணியிருக்கும்?"

"ஆமாம்மா" என்றார் நைனா. "நல்ல குளிரு."

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேன் திருத்தணி தாண்டும்வரை நான் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன், கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்க மூட வேண்டியிருந்த அந்தக் குளிரைப் பற்றி, இல்லை, கண்ணையும் சேர்த்து மூட வேண்டியிருந்த குளிரைப் பற்றி. அம்மாவும் நைனாவும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேரில் ஒருவர்கூட என்னைத் திருத்தவில்லை.