ஐந்து மணி நேரம் என்று சொன்னேன்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் காலையிலிருந்து நிற்கிறேன். அப்பா நேற்று காலை இறந்துவிட்டார். மூத்த பிள்ளையான அண்ணன் துபாயிலிருந்து வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். புறப்படுவதாகத் தந்தியும் வந்துவிட்டது. விமானம் பறப்பது மொத்தமே ஐந்து மணி நேரம் என்று முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அதை நம்பி, காலையில் வந்துவிடுவார், காத்திருங்கள் என்று பங்காளிகளிடம் சொன்னவன் நான். பிணத்தை எடுக்கும்வரை எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

மணி மூன்று. நாலாவது மெட்ராஸ் பஸ்ஸும் வந்து போகிறது.

"இன்னாண்ணா, பஸ்ஸு பஸ்ஸா எட்டிப் பாத்துக்கினு கீறீங்க?" என்கிறார் டீக்கடைக்காரர். துபாயில் இரண்டு வருடம் இருந்தவராம். கூச்சத்தை விட்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

"பறக்கறது அஞ்சு மணி நேரந்தான். ஆனா ப்ளேன் இன்னா நம்மூரு டவுன் பஸ்ஸா, ஒண்ணு பூட்டா ஒண்ணு வர்றதுக்கு? பம்பாய்ல எறங்கி மெட்ராஸ் ப்ளேனுக்குக் காத்துக்கினு கெடக்கணும். நான் ஒரு நாள் பூரா கெடந்தேன். போயி எடுக்கச் சொல்லுங்கண்ணா, கொயந்திங்க பட்டினி கெடக்கும்."

அவர் நீட்டும் டீயை வாங்க மனம் வரவில்லை. எங்கள் ஊர் திருமுக்கூடலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறேன். பொழுது சாய்வதற்குள் கொள்ளிச் சட்டியை நான் தூக்க வேண்டும்.

மறுநாள் பால் தெளிக்கும் வேளைக்கு அண்ணன் வந்தார். சாம்பலைப் பார்த்து, "ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதாடா?" என்றார். ஒரு நாள் வைத்துத்தான் இருந்தோம். பால் செம்பை அவர் கையில் கொடுத்தேன்.

காரியம் முடிந்து, 1982 கார்த்திகை ஐந்தாம் தேதி எழுதியது.