இருபது லிட்டர் ஆறு

வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர் அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. "கடல் காத்து சும்மா பிச்சுக்கிட்டு வரும், பாத்துக்கோங்க" என்றார். வந்தது. அது வெறுங்கையோடு வராது, உப்பையும் கூட்டிக்கொண்டு வரும் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குடிவந்த இரண்டாம் மாதம் ஜன்னல் கம்பி துருப்பிடித்தது. மூன்றாம் மாதம் கேஸ் அடுப்பின் கால்கள். என் கணவர் மட்டும் துருப்பிடிக்கவில்லை. அவர் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் பார்ப்பவர், வீட்டில் இருக்கும் நேரமே குறைவு.

தூத்துக்குடியில் பழைய உப்பளத்தை மண் போட்டு மேடாக்கி மனை பிரித்த இடம் அது. கீழே வீட்டுக்கார அக்கா. மாடியில் நான், அவர், மூன்று வயது மகள். போர் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை வராது, சோப்புதான் கரையும். குடிக்க, சமைக்க நாலு நாளைக்கு ஒருதடவை கீழே குழாயில் வரும் கார்ப்பரேஷன் தண்ணீர். வந்ததும் அக்கா, "ஏ மாடி வீடு, தண்ணி வருது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். குடங்களைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுவேன்.

நான் ஆலந்தலைப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள். மாதா கோயில் மணி கேட்டு எழுந்து, மீன் குழம்பு வாசத்தில் தூங்கியவள். அவர் தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பதை விவரிக்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் முதன்முறையாக ஒரே கருத்தில் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லலாம். மகள் பிறந்ததும் என் அம்மா வீட்டில் கோபம் கரைந்துவிட்டது. அவர் வீட்டில் மாமியார் முன்னமே காலமாகிவிட்டார், மிச்சம் இருந்தது மாமனார் ஒருவர்தான். அந்த ஒருவரே போதுமானவராக இருந்தார்.

புது வீட்டில் பால் காய்ச்ச அவர் வருகிறார் என்று தெரிந்ததும் என் கணவர் முதலில் செய்த காரியம், டேப் எடுத்துச் சுவரை அளந்தது. இருதய ஆண்டவர் படமும் முருகன் படமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமாம். அரை அங்குலம் முருகன் தாழ்ந்திருந்தார். ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்ததில் சுவர்ப்பூச்சு பெயர்ந்து, அந்த ஓட்டையை மறைக்கக் காலண்டர் ஒன்று தொங்கவிட வேண்டியதாயிற்று. வந்தவர் இரண்டு சாமியையும் பார்க்கவேயில்லை. நேராகக் காலண்டருக்குப் போய் நல்ல நேரம் பார்த்தார்.

அவரோடு ஒரு கேனும் வந்தது. அடியில் திருகுக் குழாய் வைத்த இருபது லிட்டர் கேன். அதில் அவர் ஊர் ஆற்றுத் தண்ணீர். பால் பொங்கியது, எல்லோரும் குடித்தோம். அவருக்குச் சர்க்கரையாம், வேண்டாம் என்றுவிட்டார். சரி, தண்ணீராவது குடிக்கட்டும் என்று எவர்சில்வர் டம்ளரில் கொண்டுபோய் நீட்டினேன். என் கையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், மகனைப் பார்த்து, "நான் கொண்டாந்திருக்கம்லா" என்றார்.

வந்த வீட்டில் தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். எனக்குக் காதுவரை சூடேறியது. என் கணவர் அவசரமாக, "அப்பா, இங்கன வாரதும் நம்ம ஆத்துத் தண்ணிதான். வல்லநாட்டுலருந்து பைப்புல வருது" என்றார். மாமனார் கொஞ்சமும் அசையவில்லை.

"பைப்புக்குள்ள ஏறிட்டா அது ஆறா? தண்ணி செத்துப் போவும்லே."

இதே மனிதர்தான் கால் மணி நேரம் கழித்து மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "எங்க ஆத்துத் தண்ணியப் பூராவும் மோட்டார் வச்சு உறிஞ்சி தூத்துக்குடிக்காரனுக்குக் குடுத்துடுதானுவ" என்று வீட்டுக்கார அக்காவிடம் நியாயம் கேட்டார். எங்களுக்கு வருவது அவர் ஆறு இல்லை. ஆனால் அவர் ஆற்றை நாங்கள்தான் குடித்துத் தீர்க்கிறோம். இரண்டையும் ஒரே வாயால் சொன்னார். ஒன்று இன்னொன்றை இடிக்கவேயில்லை. அக்காவும் தலையை ஆட்டினாள்.

அன்றே எனக்குள் ஒரு வீம்பு ஏறிவிட்டது. இந்த மனிதர் ஒருநாள் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். சொத்து வேண்டாம், நகை வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர்.

ஆறு மாதம் கழித்து அவருக்குக் கண்புரை ஆபரேஷன் வந்தது. ஆஸ்பத்திரி தூத்துக்குடியில். முடிந்ததும் பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கியாக வேண்டும். நான் வேலை பார்க்கும் கப்பல் சரக்குக் கிளியரிங் ஆபீஸில் லீவு போட்டேன். கறுப்புக் கண்ணாடியோடு மாமனார் மாடியேறினார். அவருக்கு முன்னாலேயே இரண்டு கேன் ஏறியிருந்தது. அவர் ஊரிலிருந்து மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவரும் டெம்போவில் வந்தவை. கூடவே சொந்த வயல் அரிசி ஒரு மூட்டை. அரிசி அவருடையது, உலைத்தண்ணீர் அவருடையது, நடுவில் நான் வெறும் அடுப்பு.

அவர் என்னோடு நேராகப் பேசியதும் கிடையாது. எல்லாம் என் மகள் வழியாகத்தான். "உங்கம்மாட்ட சொல்லு, தாத்தாவுக்குச் சொட்டு மருந்து நேரமாச்சாம்." நான் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். பிள்ளை திரும்பி, "அம்மா, தாத்தாவுக்குச் சொட்டு" என்று அறிவிக்கும். பாதி வழியில் பொம்மை எதையாவது பார்த்துவிட்டால் சேதி அங்கேயே நின்றுபோகும். நானும் கேட்காத மாதிரி நிற்பேன். அவரும் சொல்லாத மாதிரி இருப்பார். ஊரிலிருக்கும் தன் மகளிடம் மட்டும் போனில் வாய் நிறைய, "ஏளா, சாப்பிட்டியா? ஏளா, மாட்டுக்கு வைக்கோல் போட்டாச்சா?" என்பார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை அப்படி ஏளா போட்டுக் கூப்பிட உரிமை வேண்டும். என் அம்மா ஒரு நாளைக்கு ஐம்பது ஏளா போடுவாள். இந்த வீட்டில் எனக்கு ஒரு ஏளாவுக்கும் வழியில்லை.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் கண்ணிமையைப் பிரித்து மருந்து விட்டேன். என் கை அவர் கண்ணுக்குள் போகலாம், நான் கொடுக்கும் தண்ணீர் வாய்க்குள் போகக்கூடாது. இந்தச் சட்டத்தை எந்த வக்கீல் எழுதினாரோ தெரியவில்லை.

நாலாம் நாள் மத்தியானம். முதல் கேன் தீர்ந்து, இரண்டாம் கேன் தொடங்கியிருந்தது. மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மொட்டைமாடியில் துணி எடுத்துவிட்டு வந்து பார்த்தால் கூடம் முழுக்க வெள்ளம். என் மகள் கேனின் திருகைத் திறந்துவிட்டு, அடியில் பொம்மையை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். தாமிரபரணி எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடி, வாசல்படி வழியாக இறங்கி, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேனில் ஒரு சொட்டு இல்லை. அடுத்த டெம்போ வர இன்னும் மூன்று நாள்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகச் செய்தது. குடத்தில் இருந்த கார்ப்பரேஷன் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். கார்ப்பரேஷன்காரர்கள் கலக்கும் மருந்து வாடை போகும்வரை ஆற்றினேன். வெள்ளைத் துணியில் வடிகட்டி, கேனில் பழைய அளவுக்குக் கோடு பார்த்து ஊற்றி, திருகைத் துடைத்து, சாயங்காலம் அவர் எழுந்து வருவதற்குள் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். பொம்மை ஒன்றுதான் சாட்சி.

அவர் தானே பிடித்து ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இது தண்ணி. பொதிகையில எத்தனை மூலிகை வேரத் தொட்டுட்டு வருது தெரியுமா? உங்க ஊருக்காரனுக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்."

நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். யார்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் கணவரும் சிரித்தார், பிறகு திடீரென்று சிரிப்பு நின்றுபோய், "அப்பாட்ட மட்டும் சொல்லிராத. எந்திச்சுப் போயிட்டார்னா பொறவு இந்தப் படி ஏற மாட்டார்" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்த நினைப்பு புளிக்கத் தொடங்கியது. குடிப்பது என் தண்ணீர்தான். ஆனால் குடிக்கிறவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாமல் அவர் குடித்தால் எனக்கு என்ன மரியாதை? கண் தெரியாத மனிதரை ஏமாற்றிவிட்டு அடுப்படியில் சிரிக்கிறேன். அவ்வளவுதான் என் வீரம்.

ஆறாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட அரை டம்ளர் மட்டும் பிடித்தார். வழக்கமாக இரண்டு டம்ளர் குடிக்கிறவர். மத்தியானமும் அப்படித்தான் செய்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளை சொம்பை எடுத்துக்கொண்டு குடத்துப் பக்கம் போனது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தத் தண்ணி வேண்டாம்ட்டி. உங்கம்மாட்ட சொல்லு, டெம்போ வாரவரைக்கும் பிள்ளைக்குத் தாத்தா கேன்லருந்து குடுக்கச் சொல்லு. தாத்தா கொஞ்சமாக் குடிச்சுக்கிடுதேன்."

கேனைச் சாய்த்துப் பார்த்து, எத்தனை டம்ளர் தேறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை உள்ள உடம்பு, தாகம் தாங்காது. என் பிள்ளைக்காக மத்தியானத்திலிருந்து வாயைக் கட்டியிருக்கிறார், நான் நிரப்பிய கேனுக்கு முன்னால். என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தூங்க வைத்துவிட்டு வந்து அவர் முன்னால் நின்றேன். நடுவில் சேதி சொல்ல ஆளில்லை.

"மாமா, உங்க தண்ணியப் பிள்ளை அன்னைக்கே கொட்டிட்டு. அதுல இருக்கது இந்த ஊர்த் தண்ணி. நான்தான் ஊத்தி வச்சேன். மூணு நாளா நீங்க குடிக்கது இதுதான். இதுக்காக நீங்க வாயக் கட்ட வேண்டாம்."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை. கேனைப் பார்த்த மாதிரி இருந்தது. தண்ணீர் செத்துவிட்டது என்று அவர் சொல்ல முடியாது. மூலிகை வேர் வரை அவர் நாக்கே சாட்சி சொல்லிவிட்டது. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். நான் விளக்கை அணைத்தேன். அவர் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், என் கணவர் என் மூஞ்சியில் முழிக்க மாட்டார், என் பிள்ளைக்குத் தாத்தா இருக்க மாட்டார் என்று எண்ணி எண்ணிப் பயந்தேன். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஆசைப்பட்டு வீட்டையே கவிழ்த்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

காலையில் அவர் பாய் சுருட்டியிருந்தது. ஆளைக் காணோம். ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டு, கட்டிலில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் கீழேயிருந்து அக்கா குரல் வரவில்லை. வேறு குரல் வந்தது.

"ஏம்மா, குடத்த நேரா வையி. இப்படிச் சிந்தலாமா? எங்க ஆத்துத் தண்ணிம்மா இது. வல்லநாட்டுலருந்து எவ்வளவு தூரம் ஏறி இறங்கி வருது! உங்களுக்குன்னு குடுத்துட்டுத்தான் நாங்க அங்க காஞ்சு கிடக்கோம்."

எட்டிப் பார்த்தேன். குழாயடியில் மாமனார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைத் துண்டு. தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் மேற்பார்வை மட்டும். ஒரே ராத்திரியில் ஊர்க்காரர்கள் எல்லோரும் அவர் தண்ணீரைக் குடிக்கும் விருந்தாளிகளாகிவிட்டார்கள். தன் வீட்டிலேயே குடத்தை எப்படி வைக்க வேண்டும் என்று பாடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கார அக்கா திருதிருவென்று நின்றாள். அன்று விடியற்காலையிலேயே டெம்போ வந்துபோயிருக்கிறது. புதுக் கேன் படியடியில் மூடி திறக்காமல் இருந்தது.

நான் குடத்தோடு இறங்கினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து, கேன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிள்ளை எனக்குப் பின்னால்தான் வந்தது. அதனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏளா, தாகமா இருக்கு. ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

சொம்பைக் குழாயில் பிடித்து நீட்டினேன். வாங்கினார். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றினார். மூஞ்சி கோணிப்போயிற்று.

"மருந்து வாடை அடிக்கு. இவ்வளவு நாளா இப்படி இல்லையே?"

"அது நான் காய்ச்சி ஆத்தி வடிகட்டி வச்சது மாமா."

சொம்பைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "பொறவு என்னத்துக்கு நிக்கே? அப்படியே காய்ச்சிக் கொண்டா."

மாடியேறிப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். பால் காய்ச்சின அன்று வராத கண்ணீர் தண்ணீர் காய்ச்சும்போது வந்தது.