யோகராஜா பெரியப்பா ஷ்கோதருக்கு விசாரிக்கப் போனது

சுவிஸின் டீட்டிகோனில் யோகராஜா பெரியப்பாவைத் தெரியாத தமிழ் வீடு இல்லை. அவர் பார்சல் களஞ்சியம் ஒன்றில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். ஆனால் ஜெனீவா வரைக்கும் அவருடைய பெயர் போனது அந்த வேலையால் அல்ல. எங்காவது ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தால், அவளுடைய வீட்டார் முதலில் அழைப்பது அவரைத்தான்.

"அண்ணை, பெடியன்ரை பக்கத்தை ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ."

அவர் என் அம்மாவின் அக்கா கணவர். விசாரிக்கப் போகும்போது சிலவேளை என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நான் வாய் திறக்க மாட்டேன் என்பதே காரணம். அவருக்கென்று சில முறைகள் இருந்தன. வருகிறோம் என்று சொன்ன நாளுக்கு முதல்நாளே அந்த ஊருக்குப் போய்விட வேண்டும். வீட்டுக்காரரிடம் எதுவும் கேட்கக்கூடாது. முடிவெட்டும் கடை, மூலைக்கடை, எதிர்வீடு என்று சுற்றிவர வேண்டும். கேட்பது மூன்றே கேள்விகள். பெடியன் தாயோடு எப்படிக் கதைக்கிறான்? குடி இருக்கிறதா? அந்தக் குடும்பம் யாரோடு கதைக்காமல் இருக்கிறது?

"முதல் ரெண்டுக்கும் சனம் பொய் சொல்லும், தம்பி. மூண்டாவதுக்கு ஒருத்தரும் பொய் சொல்லாயினம். ஆரோடை பகை எண்டு தெரிஞ்சால் குடும்பம் என்ன மாதிரி எண்டு விளங்கிப்போடும்."

இப்படிப்பட்டவருடைய மகள் ரிஷானி தானாகவே ஒருவனைத் தேடிக்கொண்டாள். அவள் முதியோர் இல்லமொன்றில் தாதி. அங்கே மின்சார வேலைக்கு வந்த ஆர்டிட் அல்பேனியன்.

கோசலா பெரியம்மா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டா. "கொசோவோப் பெடியனோ?"

"இல்லையம்மா. அல்பேனியா. ஷ்கோதர் எண்டு ஒரு ஊர்."

"அதுக்கும் இதுக்கும் என்னடி வித்தியாசம்?"

"யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் உள்ள வித்தியாசம்."

பெரியப்பா சிரிக்கவில்லை. ரிஷானி அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "அப்பா, நீங்கள் வேண்டாமெண்டாலும் நான் அவரைத்தான் கட்டுவன். ஆனால் நீங்கள் ஓம் எண்டு சொல்லி, திரிம்பாக் கோயிலிலை நீங்கள் கைபிடிச்சுக் குடுக்கவேணும். எனக்கு அதுதான் ஆசை."

ஆர்டிட் வீட்டுக்கு வந்தான். கையால் சோறு சாப்பிட்டான், மிளகாய்க்குக் கண்ணீர் விட்டான், பெரியம்மாவின் மனம் கொஞ்சம் இளகியது. தன் தாய் தகப்பன் இங்கே வர முடியாது, நீங்கள் போய்ப் பாருங்கள் என்றான். நாள் குறித்துத் தந்தான். பேருந்து நிற்கும் இடத்துக்கு அம்மா வருவா, அதுவரைக்கும் நீங்களாக ஊரைச் சுற்ற வேண்டாம் என்று சொன்னபோது அவன் ரிஷானியைப் பார்த்தான். அந்தப் பார்வை பெரியப்பாவுக்குப் போதுமாயிருந்தது.

"என்னத்தையோ மறைக்கிறான். இல்லாட்டி ஏன் சுத்தவேண்டாம் எண்டுறான்?"

குறித்த நாளுக்கு முதல்நாளே விமானம் ஏறினோம். ரிஷானிக்குச் சொல்லவில்லை.

அல்பேனியத் தலைநகர் திரானாவிலிருந்து சிறிய வான் ஒன்றில் வடக்கே போனோம். வழிநெடுகக் கட்டி முடியாத வீடுகள். கூரைகளில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. "எங்கடை ஊர் மாதிரித்தான். மேல்மாடி மகனுக்கு" என்றார் பெரியப்பா. அந்தக் கம்பிகளில் கரடிப் பொம்மைகளைக் கழுத்தில் கம்பி சுற்றிக் கட்டித் தூக்கியிருந்தார்கள். மழையில் ஊறி வெயிலில் காய்ந்து, அவற்றுக்கு நிறமே இல்லாமல் போயிருந்தது.

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "வெருளி! கண்ணூறுக்குக் கட்டியிருக்கினம். கண்ணூறுக்குப் பயப்பிடுற சனம் நல்ல சனம், தம்பி."

எனக்கோ தூரத்தில் அவை குழந்தைகளைப் போலத் தெரிந்தன.

ஷ்கோதர் சைக்கிள்களின் ஊர். கோட்டுப் போட்ட கிழவர்கள் முதுகு வளையாமல் ஓட்டிப்போனார்கள். பெண்கள் முன்கூடையில் முட்டைக்கோவாவும் பாணும் வைத்து மிதித்தார்கள். மணியடிப்பவர் எவருமில்லை. தெருவின் சத்தமெல்லாம் சக்கரங்களின் மெல்லிய இரைச்சல்தான். ஒரு பள்ளிவாசலும் ஒரு தேவாலயமும் ஒன்றின் நிழல் மற்றதில் விழும்படி நின்றன. கடைத்தெருவில் நடைபாதை முழுக்க மேசைகள். சின்னக் கிண்ணத்துக் கோப்பியை வைத்துக்கொண்டு ஆண்கள் மணிக்கணக்காக இருந்தார்கள். நாங்கள் கடக்கும்போது பேச்சு நிற்கும். கடந்தபின் மறுபடி தொடங்கும்.

தங்கும் விடுதியை நடத்தும் பெண் குன்றின்மேல் இருந்த கோட்டையைக் காட்டி ஒரு கதை சொன்னா. மூன்று சகோதரர்கள் கட்டிய சுவர் நிற்கவேயில்லையாம். நாளைக்குச் சாப்பாடு கொண்டு வருகிற மனைவியை உயிரோடு வைத்துக் கட்டினால் நிற்கும் என்று சொல்லப்பட்டதாம். வீட்டில் சொல்வதில்லை என்று மூவரும் வாக்குக் கொடுத்தார்கள். மூத்தவர்கள் இருவரும் தங்கள் மனைவிமாரிடம் சொல்லிவிட்டார்கள். இளையவன் சொல்லவில்லை. கைக்குழந்தைக்காரியான அவனுடைய மனைவிதான் சுவருக்குள் போனாள். "இன்றைக்கும் அந்தச் சுவர் அவளுடைய தாய்ப்பால்போல வெள்ளையாகக் கசியும்" என்றா, எங்கள் பைகளை எடுத்து வைத்துக்கொண்டே.

ஆர்டிட்டின் வீடு இருந்த தெருவைப் பெரியப்பா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டார். ஆளுயரத்துக்கும் மேலே கல்மதில், இரட்டை மரக்கதவு. மதிலுக்கு மேலால் கொடியில் காய்ந்த சட்டைகள் மட்டும் தெரிந்தன. எல்லாம் ஆண்களின் சட்டைகள்.

தெருமுனையில் முடிவெட்டும் கடை. கடைக்காரர் ஒரு காலத்தில் சுவிஸின் விண்டர்தூரில் வேலை செய்தவர். பெரியப்பாவின் களஞ்சிய ஜெர்மன் அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. பெரியப்பா வெட்டத் தேவையில்லாத தலையைக் கொடுத்துவிட்டு மெல்லத் தொடங்கினார்.

"இந்த வீட்டு ஆர்டிட் தாயோடு எப்படி?"

"தாயென்றால் உயிர்" என்றார் கடைக்காரர்.

"குடி?"

"யார்தான் குடிக்கவில்லை? ஆனால் அவன் அளவோடு."

"யாரோடு இந்தக் குடும்பம் கதைக்காமல் இருக்கிறது?"

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் கடைக்காரர் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து உதறினார். இடப்பக்கம் வெட்டியிருந்தது, வலப்பக்கம் வெட்டவில்லை.

"முடிந்தது" என்றார். நாங்கள் வெளியே வந்ததும் இரும்புக் கதவு பாதிவரை இறங்கியது.

"பாத்தியோ?" என்றார் பெரியப்பா, ஒருபக்கத் தலையைத் தடவிக்கொண்டு. "நான் சொன்னன் எல்லோ. என்னமோ கிடக்கு."

"திரும்பிப் போவம், பெரியப்பா. நாளைக்கு அவையே சொல்லட்டும்."

"பாதி விசாரிச்சிட்டுப் போறது பாதித் தலையோடை போற மாதிரி" என்று சிரித்தபடி கோப்பிக்கடையில் இருந்தார்.

கோப்பிக்குக் காசு கொடுக்கப் போனபோது பரிமாறுபவன் தலையசைத்து மூலை மேசையைக் காட்டினான். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. சாம்பல்நிற மேற்சட்டை போட்ட ஒருவர் எழுந்து வந்தார். பெரியப்பாவின் வயதிருக்கும். நல்ல சுவிஸ் ஜெர்மனில், உங்களோடு இருக்கலாமா என்று கேட்டார்.

"நானும் சுவிஸில் இருந்தவன்தான், ஸ்பிரைட்டன்பாகில். நீங்கள்?"

"டீட்டிகோன்!" பெரியப்பாவுக்கு ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷம். "பக்கத்து ஊர்!"

"ஆர்டிட்டைப் பற்றிக் கேட்டீர்களாமே. நல்ல பிள்ளை. இத்தாலியில் என்றல்லவா சொன்னார்கள்?"

"இல்லையில்லை. டீட்டிகோனில்தான். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்."

"அப்படியா. வேலைக்கு ஒழுங்காகப் போகிறானா?"

"விடியமுன்னமே வான் எடுத்துவிடுவான். சோம்பல் கிடையாது."

"தனியாகவா இருக்கிறான்?"

"இப்போதைக்குத் தனியாகத்தான். என் மகளைக் கட்டப்போகிறான். ரிஷானி. தாதி" என்றார் பெரியப்பா பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். "ஒன்று சொல்லுங்கள். இந்தக் குடும்பத்தோடு யார் கதைப்பதில்லை?"

அவர் மேசையிலிருந்த கடதாசித் துணியை நான்காக மடித்து, கிண்ணத்தின் கீழ் வைத்தார்.

"நாங்கள்தான்" என்றார்.

பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், என் கையையும் குலுக்கினார். கை சூடாகவும் மென்மையாகவும் இருந்தது. உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள் என்று சொல்லி, மதிலில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு மெதுவாக மிதித்துப் போனார்.

பெரியப்பா அந்தச் சைக்கிள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "தம்பி, அவன் எல்லோ என்னை விசாரிச்சிட்டுப் போறான்."

நேரே அந்த மரக்கதவுக்குப் போனோம். தட்டியதும் உள்ளே யாரோ ஓடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்து ஒரு அம்மா கதவை ஒரு கையகலம் திறந்தா. பெரியப்பா ஆர்டிட்டின் பெயரையும் ரிஷானியின் பெயரையும் சொல்லி, நெஞ்சில் கைவைத்தார். அவ லூலே, ஆர்டிட்டின் தாய். எங்களை உள்ளே இழுத்து, கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டா.

உள்ளே நல்ல முற்றம், முந்திரிகைப் பந்தல். தகப்பன் பாலின் எழுந்து நின்று வரவேற்றார். மூத்த மகன் மார்க் ஏறத்தாழ முப்பது வயது ஆள். பாத்திரத்தால் மூடி வைத்த புல் வெளிறுமே, அப்படி வெளிறிப்போயிருந்தான். தொலைக்காட்சி பார்த்துக் கற்ற ஆங்கிலத்தில் அவன் பேச, நான் பெரியப்பாவுக்குச் சொன்னேன். கோப்பியும் சாராயமும் வந்து, நாங்கள் குடிக்கும்வரை அவர்கள் எதையும் கேட்கவில்லை. குடித்தபின் பாலின் ஏதோ கேட்டார்.

"யார் யாரிடம் பேசினீர்கள் என்று அப்பா கேட்கிறார்" என்றான் மார்க்.

பெரியப்பா எதையும் ஒளிக்கவில்லை. சாம்பல்நிற மேற்சட்டை என்றதும் லூலே தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

மார்க் விளக்கினான். பாலினின் தம்பி முன்னொரு காலத்தில் தோட்டத்து எல்லைத் தகராறில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். பிறகு சிறையிலேயே செத்தும்போனார். ஆனால் கணக்கு அவரோடு முடியவில்லை. கொல்லப்பட்டவருடைய ஆட்களுக்கு, அந்தச் சாம்பல் மேற்சட்டைக்காரரின் குடும்பத்துக்கு, இந்த வீட்டில் ஒரு ஆணின் உயிர் வரவேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தால் வந்து கதவைச் சாத்திய நாளிலிருந்து மார்க் தெருவில் கால்வைக்கவில்லை. வீட்டுக்குள் வந்து ஒன்றும் செய்யமாட்டார்கள். பெண்களைத் தொடமாட்டார்கள். ஆர்டிட்டை எப்படியோ வெளியே அனுப்பி, இத்தாலியில் இருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"இந்த ஊரில் எல்லாரும் இப்படி இல்லை" என்றான், என்னைப் பார்த்து வெட்கப்பட்டவன்போல. "இப்படியான வீடுகள் மிகக் குறைவு. ஆனால் நான் இருப்பது அதில் ஒன்றில்."

"வேலிச் சண்டை" என்று பெரியப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். "எங்கடை ஊரிலையும் வேலிச் சண்டைதானே."

பாலின் எழுந்து பெரியப்பாவின் தோளில் கைவைத்தார். மார்க் மொழிபெயர்த்தான். "நீங்கள் எங்கள் விருந்தாளி. இந்த ஊரில் உங்களுக்கு ஒன்றும் நடக்காது." சுவிஸில் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அங்கிருந்தே ரிஷானியை அழைத்தோம். பெரியப்பா சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும்" என்றாள் கடைசியில். "அவர் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவர். அப்பா, ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் எண்டும் சொன்னனீங்களோ?"

"ஓம், பிள்ளை."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

காலையில் லூலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களோடு வான் நிற்கும் இடம்வரை வந்தா. எங்களுக்கும் தெருவுக்கும் நடுவிலேயே நடந்தா. முடிவெட்டும் கடை திறந்திருந்தது. கடைக்காரர் எங்களைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டார். வான் புறப்படும்போது அந்தத் தாய் கையசைக்கவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி, வேறு யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றா.

நாங்கள் டீட்டிகோனுக்கு வந்து சேர்ந்தபோது ஆர்டிட்டின் அறை வெறுமையாக இருந்தது. ரிஷானி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மா கட்டிலில் இருந்து அழுதா.

"எங்கை போறியள்?" என்றார் பெரியப்பா.

"அதை மட்டும் கேக்காதேங்கோ, அப்பா."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். கோயிலைப் பற்றி இருவருமே பேசவில்லை. போகும்போது அவள் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் அவளுடைய தலையில் கைவைத்து, "ஓம், பிள்ளை. ஓம்" என்றார். அவள் கேட்ட சம்மதம் அதுதான்.

பொலிசுக்குப் போனோம். இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டாள். அந்த ஆள் மிரட்டினாரா? இல்லை. என்ன செய்தார்? கோப்பி வாங்கித் தந்தார், மகளை வாழ்த்தினார். அவள் அதை அப்படியே பதிந்துகொண்டாள்.

பெரியப்பா விசாரிக்கப் போவதை விட்டுவிட்டார். கேட்டவர்களுக்கு, மகள் வேலை மாறித் தூரத்துக்குப் போய்விட்டாள் என்று பெரியம்மா சொன்னா. பனி விழத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய தொலைபேசி அடித்தது. சுவிஸ் இலக்கம்தான், தெரியாத இலக்கம். ஒலிபெருக்கியில் போட்டார்.

அது சாம்பல் மேற்சட்டைக்காரரின் குரல் அல்ல. இளையவன் ஒருவனின் குரல், மரியாதையான ஜெர்மன்.

"மன்னிக்கவேண்டும், திரு. யோகராஜா. தமிழர்களைப் பற்றி விசாரிப்பதென்றால் உங்களிடம்தான் கேட்கவேண்டும் என்றார்கள். ரிஷானி என்று ஒரு தாதி. இப்போது எங்கே வேலை செய்கிறா என்று தெரியுமா?"

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டா. பெரியப்பா மேசை விளிம்பை இறுகப் பிடித்தார்.

"தெரியாது" என்றார். பிறகு இன்னும் உரத்து, "எனக்கு உண்மையாகவே தெரியாது."

"பரவாயில்லை" என்றது குரல். "திரிம்பாக் கோயிலில் கேட்டுப் பார்க்கிறேன். அங்கே உங்கள் ஆட்கள் நிறையப்பேர் வருவார்களாமே."

தொடர்பு அறுந்தது. பெரியப்பா இலக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் சண்முகலிங்கம் என்பவரின் பெயரில் விரல் நின்றது. அழுத்தவில்லை.

"எடுத்துச் சொல்லுங்கோவன்" என்றா பெரியம்மா. "ஆரும் கேட்டால் சொல்லவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்லவேண்டாம் எண்டுறது?" என்றார் பெரியப்பா. "சொல்லாதேங்கோ எண்டால், ஏனெண்டு விசாரிப்பினம். விசாரிச்சால் ஆரோ ஒருத்தருக்கு அவள் இருக்கிற இடம் தெரிஞ்சிருக்கும்."

தொலைபேசியைக் கையில் வைத்தபடியே இருந்தார். நாங்கள் மூவரும் சாப்பிடவில்லை. வெளியே வாகனத் தரிப்பிடத்தில் யாரோ கதவைச் சாத்தினார்கள். பெரியம்மா எழுந்து போய் யன்னல் சீலையை இழுத்துவிட்டா.