மாமாவின் கண்ணாடியும் தேன்சிட்டும்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கடிதத்தின் அடியில் இரண்டு வரி சேர்ப்பதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. படிப்பவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பறவைகளைப் படம் பிடிப்பதைப் பற்றி எழுத விவரம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். நான் என் வீட்டுக் கொல்லையைத் தாண்டிப் போய் ஒரு குருவியைக்கூடப் படம் எடுத்ததில்லை. கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் எனக்கு உதவியவர்களுக்கு நான் வாயைத் திறந்து நன்றி சொன்னதே இல்லை. அவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கறம்பக்குடியில், கடைத்தெருவுக்குப் பின்பக்கம். என் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். கல்யாணமாகி ஏழாம் மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். மகள் அப்போது வயிற்றில் இருந்தாள். நான் சொல்லப்போகிற விஷயம் நடந்தபோது அவளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, வருடம் சரியாக நினைவில்லை. மாமியார் காலமாகியிருந்தார். வீட்டில் நான், மகள், மாமனார் மூன்று பேர்தான். மாமனாரை மாமா என்று அழைப்பேன்.

மாதம் ஒரு கடிதம் பினாங்குக்குப் போகும். மாமாதான் எழுதுவார். எழுதி முடித்துக் கடைசியில் இரண்டு விரல் அளவு இடம் விட்டு என்னிடம் நீட்டுவார். "சலாம். நானும் மகளும் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். வருகிற கடிதத்தையும் மாமாதான் பிரித்து, சத்தமாக வாசிப்பார். யாரும் என்னைத் தனியாக எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கோபமாவது பட்டிருப்பேன். எனக்கே வரவில்லை. "எப்போது வருவீர்கள்" என்ற இரண்டு சொல்லை நாலு வருடமாக என்னால் எழுத முடியவில்லை.

மகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் ஒரு பெட்டிக் கேமராவும் மூன்று பிலிம் சுருளும் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் உருவப் படம் வைக்கும் வழக்கமில்லை. மகன் ஆசைப்பட்டான் என்பதற்காக மாமா சம்மதித்தார். "பிள்ளையை எடுத்து முடிச்சதும் பெட்டிக்குள்ள வச்சிரும்மா" என்று மட்டும் சொன்னார். பிள்ளையை எடுத்து அனுப்பினேன். கேமராவைப் பெட்டிக்குள்தான் வைத்தேன். ஆனால் பெட்டியைப் பூட்டவில்லை.

முதலில் எடுத்தது காக்கை. பிறகு மைனா, கரிச்சான், தினமும் காலையில் வேலியோரம் பாரா வருவதுபோல் வந்துபோகும் செம்போத்து. சுருளைக் கழுவப் புதுக்கோட்டை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் எங்கள் மோர்க்கார அக்கா. தன் மகளை அங்கே திருக்கோகர்ணத்தில் கட்டிக் கொடுத்திருந்ததால் வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போவார். படங்களை வாங்கிக்கொண்டு வந்தவர் கொல்லைப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல காக்கா எங்கிட்டு ஆத்தா இருக்கு?"

"அந்தா, கெணத்து மேல. புள்ளி மாதிரி."

"ஈயி ஒக்காந்திருக்குன்னுல்ல நெனச்சேன். ஸ்டுடியோக்காரரு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. கெணறு ரொம்ப நல்லா விழுந்திருக்காம்."

அந்த ஸ்டுடியோக்காரரை நான் கடைசிவரை பார்த்ததில்லை. சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். அவர் அப்படி விடவில்லை. பெட்டிக் கேமராவுக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது, முன்னால் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடியை வைத்தால் தெரியும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார். கண்ணாடியை வெயிலில் பிடித்தால் தரையில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். அந்தப் பொட்டு எந்த உயரத்தில் மிகச் சிறியதாகிறதோ அதை ஒரு நூலால் அளந்துகொள்ள வேண்டும். குருவி கேமராவிலிருந்து அந்த நூல் தூரத்தில் இருக்க வேண்டும். அக்கா இதை ஒரு சொல் விடாமல் மனப்பாடமாக வந்து ஒப்பித்தார். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒனக்கு வெளங்குச்சுன்னா சரி" என்றார்.

எனக்கு விளங்கியது. நூலும் வீட்டில் இருந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடிதான் மாமாவுடையது.

அந்த மாசி மாதத்தில் கொல்லையில் துணி காயப்போடும் கொடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. கூடு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நூலாம்படை, சருகு, மரப்பட்டைத் துணுக்கு, எங்கள் வீட்டுப் பழைய பத்திரிகையின் ஒரு கிழிசல் எல்லாம் சேர்ந்து கயிற்றில் ஏதோ குப்பை சிக்கித் தொங்குவதுபோல் இருந்தது. பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம். கட்டியது முழுக்கப் பொட்டைக் குருவி. மேலே மண் நிறம், வயிறு மஞ்சள். ஆண், வெயிலில் நீலமாக மின்னும் கறுப்பு. முருங்கையின் உச்சியில் உட்கார்ந்து பாடும், போய்விடும்.

"ஆம்பளச் சிட்டுக்கு ஒரு வேலையும் இல்லியா?" என்று நான் கேட்டேன்.

"அது பெனாங்கு போயிருக்கும்" என்றார் அக்கா. சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெளையாட்டுக்குச் சொன்னேன் ஆத்தா" என்று மோரை அரைப்படி கூடவே ஊற்றிவிட்டுப் போனார்.

கொடியில் துணி போடுவதை நிறுத்தினேன். மாமா கேட்டபோது கயிறு இற்றுப்போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

குஞ்சு பொரித்த இரண்டாம் நாள் அந்த ஆண் வாயில் ஒரு சிலந்தியோடு வந்தது. கூட்டு வாசலில் தலையை நுழைத்துக் கொடுத்துவிட்டுப் போனது. நான் அடுப்படிச் சன்னலில் நின்றிருந்தேன். இதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும் என்று அப்போதே தோன்றியது. எழுத வராததை ஒரு படம் சொல்லிவிடும் என்று நினைத்தேன். குஞ்சுகள் பறந்துபோக இரண்டு வாரம் ஆகும். கையில் ஒரே ஒரு சுருள். எட்டுப் படம்.

மாமா மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, பத்திரிகையை விரித்துக்கொண்டு படுப்பார். சிறிது நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரிகையின் மேல் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுவார். கூட்டின் வாசல் மேற்குப் பக்கம். அந்த இரண்டு மணி நேரம்தான் அதன்மேல் வெயில் நன்றாக விழும். அவர் தூங்கியதும் கண்ணாடியை எடுத்துவருவேன். கவிழ்த்த அண்டாவின் மேல் முக்காலி, அதன்மேல் கேமரா. கண்ணாடியின் ஒரு வட்டம் கேமராவின் கண்ணுக்கு நேரே வரும்படி கட்டுவேன். மற்ற வட்டம் சும்மா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விசையில் தையல் நூலைக் கட்டிச் சன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, கையில் பிடித்தபடி அடுப்படியில் நிற்பேன். மகளுக்கு ஒரு துண்டு பனங்கற்கண்டு கொடுத்தால் அது கரையும்வரை பேச மாட்டாள். ஒரு நாள் இதைப் பார்த்த அக்கா, "பொட்டி கண்ணாடி போட்டுக்கிட்டு கணக்கப்புள்ள மாதிரியில்ல முழிக்குது" என்று சொல்லிவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தார். குருவி அன்று முழுவதும் வரவில்லை.

எட்டில் ஐந்து வீணாயிற்று. ஒன்றில் நூலை இழுத்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. மற்ற நான்கும் பொட்டையும் ஆணும் வருமுன்போ போன பின்போ இழுத்தது. மாமா தெரிந்துகொண்டால் கேமரா பெட்டிக்குள் போய்ப் பூட்டும் விழும் என்ற பயத்தில் அவசரப்பட்டேன். ஒவ்வொரு நாளும் குஞ்சுகளின் அலகு வாசலுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் நீண்டுகொண்டிருந்தது. ஆறாவதில் பொட்டை மட்டும் விழுந்திருக்கும் என்று நம்பிக்கை. இன்னும் இரண்டு பாக்கி.

அன்று தபால்காரர் வழக்கத்தைவிட முன்னால் வந்தார். வாசலில் குரல் கேட்டது, மாமா எழுந்தது கேட்டது. நான் நூலைப் பிடித்தபடி நின்றேன். பொட்டை வாசலில் தொற்றிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, பெனாங்குக் காயிதம் வந்திருக்கு. என் கண்ணாடியப் பாத்தியா?"

பேசினால் குருவி போய்விடும். பேசாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். மாமா அடுப்படிக்குள் வருபவரில்லை. நிலைப்படியில் நின்று ஒருமுறை இருமினார். பிறகு என் கையில் இருந்த நூலைப் பார்த்தார். நூல் போன வழியே பார்த்தார். அவருக்குக் கிட்டப் பார்வைதான் மங்கல், தூரத்தில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரியும். முக்காலிமேல் தன் கண்ணாடி வெயிலில் மின்னுவதைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் ஆண் வந்தது. வாயில் ஏதோ புழு. பொட்டை கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. என் கை அசையவே இல்லை.

"இழும்மா" என்றார் மாமா, மூச்சுவிடுகிற சத்தத்தில்.

இழுத்தேன்.

இரண்டும் பறந்துபோன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா, கயிறு இத்துப்போகல" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"தெரியும். நீ சொன்ன அன்னைக்கே போயி இழுத்துப் பாத்தேன். கூடு இருந்துச்சு, வந்துட்டேன்" என்றார். கண்ணாடியை எடுத்துவர நான் கொல்லைக்குக் கிளம்பினேன். "இருக்கட்டும். அது அங்கிட்டு வேலையா இருக்கு. நீயே வாசி" என்று கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

பினாங்குக் கடிதத்தை அன்றுதான் முதன்முதலில் நானே வாசித்தேன். சலாம், கடை, மழை, ஊர்க்காரர்கள் நலம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதாக முன்பு எழுதியிருந்தது இந்த வருடமும் முடியாது, கடையில் ஆள் இல்லை, முதலாளி விட மாட்டேன் என்கிறார். அந்த வரியை என்னால் சத்தமாக வாசிக்க முடியவில்லை. மாமா என்னவென்று கேட்கவில்லை. அதை விட்டு அடுத்த வரியிலிருந்து வாசித்தேன். முடிந்ததும் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

"இன்னும் பிலிம் இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணு இருக்கு மாமா."

"அதையும் எடுத்துரு. அஸருக்கு நேரம் இருக்கு." அப்படிச் சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். கடைசிப் படத்தில் ஆண் வரவில்லை. மூன்று குஞ்சுகளின் வாய் திறந்திருந்தது.

அடுத்த வாரம் அக்கா படங்களைக் கொண்டுவந்தார். கூட்டில் அதற்குள் யாரும் இல்லை. மாமா இழுக்கச் சொன்ன அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். பொட்டையின் இறகுகளைத் தனித்தனியாக எண்ணலாம், கண்ணில் ஒரு துளி வெளிச்சம்கூட விழுந்திருந்தது. ஆண் அசைந்துவிட்டது. அது இருந்த இடத்தில் மை சிந்தியதுபோல் ஒரு கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான்.

"ஏன் ஆத்தா மொகம் வாடிப்போச்சு?" என்றார் அக்கா. "ஸ்டுடியோக்காரரு படத்தக் கண்ணாடித் தடுப்புல சொருகி வச்சுட்டு வர்றவுககிட்டயெல்லாம் காமிச்சாராம். என்கிட்டக் குடுக்கவே மனசில்ல. பாய் வீட்டுல யாரு எடுத்ததுன்னு கேட்டாரு. ஒரு பொம்பளன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தப்பா?"

தப்பில்லை என்றேன். ஆனாலும் படத்தைச் சேலை மடிப்புக்குள் வைத்துவிட்டேன். எதற்காக எடுத்தேனோ அதற்கு உதவாத படம்.

மாலையில் மாமா கடிதம் எழுத உட்கார்ந்தார். "படம் வந்துச்சாமே" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"அதுதான் மாமா ஆணு. அசைஞ்சிருச்சு."

மாமா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு படத்தைத் திருப்பி வைத்து, பின்பக்கம் பேனாவால் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். "இது நம் வீட்டுக் கொல்லை. கூட்டைக் கட்டியதும் அடைகாத்ததும் பொட்டைக் குருவி. கறுப்பாகத் தெரிவது ஆண். ஒரு நொடிகூட நிற்காததால் முகம் விழவில்லை."

"சரியா எழுதியிருக்கேனா?"

"சரி மாமா" என்றேன். கடிதத்தில் எனக்கு எப்போதும் விடும் இடத்தை அன்று நான்கு விரல் அளவு விட்டிருந்தார். நானும் அந்த இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதினேன்.

என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தது ஒன்றரை வருடம் கழித்து. படம் பார்த்துத்தான் வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் வேறு ஆள் கிடைத்திருக்கலாம். வந்தபோது அவருடைய பெட்டியில் அந்தப் படம் நான்காக மடிந்த தடத்தோடு இருந்தது.

நான் இதுவரை எடுத்ததில் பார்க்கும்படி இருப்பவை முப்பதுக்கு மேல் தேறாது. கொண்டலாத்திப் பறவை இன்னும் அகப்படவில்லை. மாமா இருந்தவரை, சாப்பிட்டதும் கண்ணாடியைப் பத்திரிகைமேல் வைக்காமல் அடுப்படிச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் படுத்தார்.

அந்தக் கடிதத்தை எழுதிய மறுநாள் வெள்ளிக்கிழமை. மாமா ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் வழியில் படத்தோடு அதைத் தபாலில் சேர்த்தார். திரும்பும்போது அரைச் சேர் வெங்காயம் வாங்கிவந்தார்.